அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: எடிட்டரில் எழுதிய மெயில்களின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.)

போன சில எபிசோடுகளில் நெட்வொர்க், சர்வர்னு பெரிய சமாச்சாரங்களைப் பார்த்தோம். இன்னைக்குக் கொஞ்சம் சின்னதா ஒண்ணு எடுத்திருக்கேன். மெயில் எழுதுறது. அனுப்புறது இல்லை, எழுதுறது. அனுப்புறதுக்கு முன்னாடி திரையில் நம்ம முன்னால இருக்கிற அந்த வெற்றிடம் எப்படி உருவாச்சு, அதுக்குள்ள யார் யார் என்னென்ன வசதி செஞ்சு வச்சாங்க, அதில் நாம எதைத் தொலைச்சோம். இதுதான் விஷயம்.

முதல்ல மூணு தேதி சொல்றேன். 1983 செப்டம்பர் 27: ரிச்சர்ட் ஸ்டால்மன், குனு என்ற இலவச இயங்குதளத்தை எழுதப் போவதாக அறிவிக்கிறார். 1991 ஆகஸ்ட் 6: டிம் பெர்னர்ஸ்-லீ, வேர்ல்ட் வைட் வெப் பற்றி வெளியுலகத்துக்கு விளக்குகிறார். அதே மாதம் 25: லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஒரு சின்ன இயங்குதளம் எழுதிக்கிட்டு இருக்கேன், பொழுதுபோக்குதான், பெருசா ஒண்ணும் வராதுன்னு எழுதுகிறார். இந்த மூணும் பத்திரிகையில் வரலை, மேடையில் பேசப்படலை. மூணும் யூஸ்நெட் நியூஸ்குரூப் பதிவுகள். மேல நாலஞ்சு ஹெடர் வரி, நடுவுல ஒரு காலி வரி, கீழே வெறும் எழுத்து. நம்ம துறையோட பெரிய திருப்பங்கள் இப்படித்தான் உலகத்துக்கு வந்து சேர்ந்தன.

அந்தக் காலி வரி

நெட்வொர்க் வழியா ஒரு கணினியில் இருந்து இன்னொரு கணினிக்கு மெயில் போனது 1971-ல. பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் செஞ்ச வேலை. ஏற்கெனவே இருந்த எஸ்என்டிஎம்எஸ்ஜி என்ற புரோகிராமையும், கோப்பு அனுப்புகிற இன்னொரு புரோகிராமையும் அவர் இணைச்சார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியைப் போட்டவரும் அவர்தான். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதனால வேகமாத் தாண்டிடுறேன்.

நமக்கு முக்கியமானது 1982. அந்த வருஷம் ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் வந்தது. டேவிட் க்ராக்கர் தொகுத்தது. ஒரு மெயில் எப்படி இருக்கணும்னு அது வரையறுத்தது. ஹெடர் வரிகள்: ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. யாரிடமிருந்து, யாருக்கு, தலைப்பு, தேதி. பிறகு ஒரு காலி வரி. அதுக்குக் கீழே இருப்பதெல்லாம் உள்ளடக்கம். அவ்வளவுதான் அமைப்பு.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். மெயில் என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு ஆயிடுச்சு, அதான் விஷயம். எழுத்துக் கோப்பைத் திறக்கத் தெரிஞ்ச எந்த எடிட்டரும் ஒரு மெயிலை முழுசா எழுதலாம். உள்ளடக்கத்தை மட்டுமில்ல, ஹெடரையும் கையாலேயே மாத்தலாம். இன்னைக்கு நாம மெயில் எழுதுற பக்கத்தில் நிறுவனம் காட்டுகிற கட்டங்கள் மட்டும்தான் நமக்கு. அப்போ கட்டமே கிடையாது. வரிதான்.

எடிட்டரைக் கூப்பிடு

யூனிக்ஸ் பக்கம் வருவோம். பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் 1978-ல எழுதிய மெயில் புரோகிராம் ஒண்ணு இருக்கு. அதுல நேரடியா டைப் பண்ண ஆரம்பிக்கலாம். ஆனா ஒரு வரி எழுதி என்டர் தட்டிட்டா மேல போய்த் திருத்த முடியாது. அதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. புது வரியில் ஒரு டில்டே குறி, பக்கத்தில் வி என்ற எழுத்து. உடனே நீங்க அதுவரை எழுதினது விஐ எடிட்டரில் திறக்கும். திருத்தி, சேமிச்சு, வெளியே வந்தா மறுபடி மெயில் புரோகிராமுக்குள்ள இருப்பீங்க. வி-க்குப் பதிலா ஈ போட்டா இன்னொரு எடிட்டர்.

ரெண்டு எடிட்டர் எதுக்கு? அந்தக் காலத்தில் சிலரிடம் திரை இருந்தது, சிலரிடம் காகிதத்தில் அச்சடிக்கிற டெலிடைப் இருந்தது. காகிதத்தில் முழுத்திரை எடிட்டர் ஓடாது. அதனால எடிட்டர்னு ஒரு சூழல் மாறி, விஷுவல்னு இன்னொரு சூழல் மாறி. ஒண்ணு வரிவரியா வேலை செய்யுற எடிட்டருக்கு, இன்னொண்ணு திரை எடிட்டருக்கு.

உள்ளே நடக்குறது ரொம்ப எளிமை. மெயில் புரோகிராம் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். உங்க சூழல் மாறியில் எந்த எடிட்டர் இருக்குன்னு பார்த்து அதைத் தொடங்கும். நீங்க அதை மூடுற வரைக்கும் காத்திருக்கும். மூடினதும் கோப்பைப் படிச்சு அனுப்பும். மெயில் புரோகிராமுக்கு எடிட்டரைப் பத்தி எதுவும் தெரியாது, எடிட்டருக்கு மெயிலைப் பத்தி எதுவும் தெரியாது.

டெவலப்பரா இருந்தா இந்நேரம் உங்களுக்குப் பொறி தட்டியிருக்கும். கிட் கமிட் அடிச்சா என்ன ஆகுது? அதே கதைதான். தற்காலிகக் கோப்பு, எடிட்டர், காத்திருப்பு. கிட் இன்னைக்கும் தன்னோட அமைப்புகளில் எடிட்டர் எதுவும் சொல்லப்படலைன்னா, விஷுவல், எடிட்டர் என்ற அதே ரெண்டு மாறிகளைத்தான் தேடும். அதுவும் இல்லைன்னா விஐ. டெலிடைப் காலத்து ஏற்பாடு நம்ம லேப்டாப்ல தினமும் ஓடிக்கிட்டு இருக்கு.

யூஸ்நெட்டும் செலவும்

1979-ல ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற ரெண்டு மாணவர்கள் ஒரு யோசனை சொன்னாங்க. யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியா ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுப் பொதுச் செய்திகளைப் பரிமாறிக்கணும். பக்கத்துப் பல்கலைக்கழகமான வட கரோலினாவில் ஸ்டீவ் பெல்லோவின் அதுக்கான முதல் வடிவத்தை ஷெல் ஸ்கிரிப்டாவே எழுதினார். அதுதான் யூஸ்நெட். மெயில் ஒருத்தருக்குப் போகும், நியூஸ் ஒரு குழுவுக்குப் போகும். அந்தக் குழுவை வச்சிருக்கிற ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதி இருக்கும்.

1983-ல மார்க் ஹார்டன் எழுதிய ஆர்எஃப்சி 850 யூஸ்நெட் பதிவின் வடிவத்தை வரையறுத்தது. அவர் புதுசா எதையும் கண்டுபிடிக்கப் போகலை. மெயிலின் வடிவத்தையே எடுத்துக்கிட்டார். ஏற்கெனவே மெயிலுக்கு இருக்கிற கருவிகள் நியூஸுக்கும் வேலை செய்யணும் என்பதுதான் காரணம். பெறுநர் ஹெடருக்குப் பதிலா நியூஸ்குரூப்ஸ் ஹெடர், பதில் எதுக்கான பதில்னு சொல்ல ரெஃபரன்சஸ் ஹெடர். இப்படிச் சில மாற்றங்கள். மெயிலும் நியூஸும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் ஆச்சு.

ஆனா ஒரு வித்தியாசம்: செலவு. அப்போ நிறைய கணினிகள் யூயூசிபி முறையில் தொலைபேசி அழைப்பு போட்டுத்தான் செய்திகளை வாங்கின. ஒவ்வொரு தேவையில்லாத வரியும் நிறைய இடங்களில் யாரோ ஒருத்தரோட தொலைபேசி பில்லில் ஏறும். லாரி வால், ஆமா, பின்னாடி பெர்ல் மொழியை உருவாக்கின அதே லாரி வால், 1984-ல ஆர்என் என்ற நியூஸ் ரீடரை வெளியிட்டார். அதுல பதிவு போடப் போனா ஒரு எச்சரிக்கை வரும். உங்க செய்தி ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகுது, நூத்துக்கணக்கில், ஏன் ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும், நிச்சயமா அனுப்பணுமா என்ற அர்த்தத்தில் கேட்கும். யோசிக்காம என்டர் தட்டினா 'வேண்டாம்'னு எடுத்துக்கும்.

இதுக்கு அடுத்த படியா, நியூஸை உள்ளே சேர்க்கிற ஐநியூஸ் என்ற புரோகிராமில் ஒரு கட்டுப்பாடு வந்தது. உங்க பதிலில் நீங்க எழுதினதைவிட மேற்கோள் வரிகள் அதிகமா இருந்தா பதிவை ஏத்துக்காது. மக்கள் என்ன பண்ணினாங்க? மேற்கோளுக்கு முன்னாடி இருக்கிற > குறியை வேற குறியா மாத்தினாங்க. சிலர் கீழே அர்த்தமில்லாத வரிகளை நிரப்பினாங்க. ஹாஸ்டல் கேட்டுக்குப் பூட்டு போட்டா சுவர் ஏறுறது எல்லா ஊர்லயும் உண்டு.

ஈமாக்ஸ் என்ன செய்தது

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. ஈமாக்ஸ் 1976-ல எம்ஐடியில் டீக்கோ என்ற எடிட்டருக்கான மேக்ரோக்களாத் தொடங்கியது. குனு ஈமாக்ஸ் 1985-ல வெளியானது. எடிட்டருக்கு உள்ளேயே லிஸ்ப் மொழி ஓடும் என்பதால், மெயில் புரோகிராம் எடிட்டரைக் கூப்பிடுற முறை இங்கே தலைகீழா மாறிடுச்சு. எடிட்டருக்கு உள்ளேயே மெயில் குடியேறியது. ஆர்மெயில்னு ஒரு மெயில் ரீடர் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் மசனோபு உமெதா, குனுஸ் என்ற நியூஸ் ரீடரை எழுதினார். 1990-களின் நடுவில் நார்வேயின் லார்ஸ் மக்னே இங்கேப்ரிக்ட்சென் அதை முழுசா மறுபடி எழுதினார்.

அதுவரை ஈமாக்ஸில் மெயில் எழுத ஒரு முறை, நியூஸ் எழுத இன்னொரு முறை. வடிவம் ஒண்ணுதானே, எழுதுற இடம் மட்டும் எதுக்கு ரெண்டு? 1996 வாக்கில் மெசேஜ் மோட் என்று ஒண்ணு வந்து ரெண்டையும் சேர்த்தது. 2010-ல ஈமாக்ஸ் 23.2-ல இதுவே மெயில் எழுதுறதுக்கான இயல்புநிலை ஆனது.

அதுக்குள்ள போனா ஒரு சாதாரண எழுத்துப் பக்கம்தான். மேலே ஹெடர் வரிகள். நடுவில், இந்த வரிக்குக் கீழே உள்ளடக்கம் என்று சொல்லும் ஒரு பிரிப்பு வரி. ஆர்எஃப்சி 822 சொன்ன அந்தக் காலி வரியோட மனித முகம் அது. அனுப்பும்போது அது மறைஞ்சு காலி வரி ஆயிடும். எழுதி முடிச்சு கண்ட்ரோல்-சி ரெண்டு தடவை அடிச்சா அனுப்பிடும்.

பதில் எழுதும்போது மூல மெயிலை > குறியோட கொண்டுவர ஒரு கட்டளை. கொண்டுவந்ததைச் சீராக மடிக்க ஒரு கட்டளை. தேவையில்லாத பத்தியைத் தேர்ந்தெடுத்து, இங்கே வெட்டப்பட்டிருக்குன்னு சின்ன அடையாளம் விட்டு நீக்க ஒரு கட்டளை. கதையின் முடிவையோ ஒரு மோசமான ஜோக்கையோ மறைச்சு எழுத, எழுத்துகளை 13 இடம் தள்ளிப்போடுற ராட்-13 கட்டளை. அனுப்பின நியூஸ் பதிவை ரத்துசெய்ய, அதுக்குப் பதிலா திருத்தின பதிப்பை அனுப்ப தனித்தனிக் கட்டளைகள். ஒருத்தருக்கு மெயிலாவும் குழுவுக்குப் பதிவாவும் ஒரே நேரத்தில் அனுப்பினா, இது பொதுவிலும் போடப்பட்டதோட பிரதின்னு மெயிலின் தலையில் ஒரு வரி தானாகவே சேரும். பெறுபவர் தனிப்பட்ட மெயில்னு நினைச்சுக் குழம்பக் கூடாதே!

எல்லாத்தையும் மாத்தலாம். 'இன்னார் எழுதியது' என்ற முன்வரியை எப்படி எழுதணும், எந்தக் குழுவுக்கு எந்தக் கையெழுத்து, எந்த ஹெடர்கள் கட்டாயம், அனுப்புறதுக்கு முன்னாடி எந்த ஃபங்ஷன் ஓடணும். எல்லாம் மாறிகள், எல்லாம் லிஸ்ப். விளையாட்டுக்கும் இடம் உண்டு. ஸ்பூக் என்று ஒரு கட்டளை, உளவுத்துறை ஒட்டுக்கேட்கும் என்று கிண்டலா, சந்தேகத்துக்குரிய வார்த்தைகளை உங்க மெயிலில் தூவிவிடும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற. நியூஸ் பதிவை அனுப்பும்போது மெசேஜ் மோட் சில சோதனைகள் நடத்தும். 79 எழுத்துக்கு மேல வரிகள் இருக்கே, அனுப்பட்டுமா? கையெழுத்து நாலு வரிக்கு மேல போகுதே, அனுப்பட்டுமா? உங்க பதில் மேற்கோளுக்குக் கீழே வரணுமே, அனுப்பட்டுமா? எல்லாத்துக்கும் மேல இது: புதுசா எதுவும் எழுதின மாதிரி தெரியலையே, அனுப்பட்டுமா?

கவனிங்க, ஐநியூஸ் மறுத்தது. இது கேட்கிறது. ஆமான்னு சொன்னா அனுப்பிடும். அதிகாரம் எழுதுறவர் கையில்தான் இருக்கு, ஆனா ஒரு நொடி நிறுத்துது. கட்டுப்பாட்டுக்கும் மரியாதைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ரெண்டு புரோகிராமுக்கு நடுவுல இருக்குன்னு எனக்குத் தோணும்.

எழுபத்திரெண்டு

அது ஏன் 79, ஏன் நாலு வரி? திரைகளில் 80 எழுத்துதான். அதுவும் ஐபிஎம் 1928-ல கொண்டுவந்த 80 பத்தி துளை அட்டையின் வாரிசு. மெயிலில் ஒவ்வொரு பதிலுக்கும் > குறியும் ஒரு இடைவெளியும் சேரும். முதலிலேயே 80 வரைக்கும் எழுதினா அடுத்த பதிலிலேயே வரி உடைஞ்சு கந்தலாகும். அதனால 72 மாதிரி ஒரு எண். நாலு தடவை மேற்கோள் காட்டினாலும் 80-க்குள் நிக்கும். பின்னாடி வரப்போற நாலு பேர் பதில் எழுத இடம் விடுறதுதான் அந்த எட்டு எழுத்து. விம் எடிட்டரில் மெயில் கோப்பைத் திறந்தா இன்னைக்கும் வரி அகலம் 72-னு அமைஞ்சிடும். கையெழுத்துக்கு நாலு வரி போதும் என்பது 1995-ல வந்த இணைய நாகரிகக் கையேடான ஆர்எஃப்சி 1855-லயும் இருக்கு.

ஈமாக்ஸ், விஐ எல்லாம் புரோகிராமர்களுக்கு. மத்தவங்களுக்கு? வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1989-ல பைன் என்ற மெயில் புரோகிராமைத் தொடங்கியது. அலுவலக ஊழியர்களும் பயன்படுத்தணும் என்பது நோக்கம். அதுல மெயில் எழுதுற பகுதியைத் தனியா எடுத்து பிக்கோ என்ற எடிட்டரா வெளியிட்டாங்க. திரையின் கீழேயே கட்டளைகள் எழுதியிருக்கும், மனப்பாடம் வேண்டாம். பிக்கோவின் உரிமம் ஒத்துவராததால் அதைப் போலவே எழுதப்பட்டதுதான் நானோ. லினக்ஸ் சர்வரில் விம்மைவிட்டு வெளியே வரத் தெரியாம தவிக்கிறவங்க தேடிப்போற நானோவோட பூர்வீகம், ஒரு மெயில் எழுதுற பெட்டி.

தமிழ் எங்கே?

இந்த ஏற்பாடு முழுக்க 7 பிட் ஆஸ்கி. 128 குறிகள். அதுல தமிழுக்கு இடமே கிடையாது. யூஸ்நெட்டில் தமிழர்களுக்குன்னு சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழு இருந்தது. அங்கே தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. 'ல', 'ள', 'ழ' மூணுக்கும் என்ன எழுத்து போடுறது என்பதே ஒரு பிரச்சினை. பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு கலந்து ஆளுக்கொரு வழக்கம்.

1992-ல நேதனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ரெண்டு பேரும் மைம் என்ற தரத்தைக் கொண்டுவந்தாங்க. ஆஸ்கி அல்லாத எழுத்துகளை ஆஸ்கிக்குள்ளேயே பொதிஞ்சு அனுப்புற வழி. 1990-களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் இணையத்திலேயே விவாதிச்சு திஸ்கி என்ற 8 பிட் குறியாக்கத்தை உருவாக்கினாங்க. அப்புறம் யூனிகோடு பரவியது.

விலை என்னன்னு பார்ப்போம். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள். யூடிஎஃப்-8-ல ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 15 பைட். மைமின் கோட்டட்-பிரின்டபிள் முறையில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாகும். ஆக 45 எழுத்து. நாம எண்ணினா மூணே எழுத்து இருக்கிற ஒரு சொல், கம்பியில் 45 எழுத்தாப் போகுது. பேஸ்-64 முறையில் போனா 20. 72 எழுத்து வரி என்ற கணக்கெல்லாம் நம்ம மொழிக்கு வந்தா பொருந்தாது. வெறும் எழுத்து எல்லாருக்கும் பொதுன்னு சொல்லும்போது, அந்தப் பொதுவில் நாம ரொம்ப வருஷம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பழைய யூஸ்நெட்டைப் பத்தி ஏக்கமாப் பேசுறவங்க இதை விட்டுடுறாங்க.

எதைத் தொலைச்சோம்

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அலுவலக மெயில் புரோகிராம்களும் இணைய மெயிலும் வந்தன. கர்சர் மேலே நிக்கும், பழைய மெயில் முழுசா கீழே தொங்கும். எடுத்து வெட்டிப் பதில் எழுதுற பழக்கம் போச்சு. வட்டு இடம் மலிவு, தொலைபேசி பில் இல்லை, யாருக்கு நஷ்டம்?

படிக்கிறவருக்குத்தான். பாயிண்ட் பாயிண்டாகப் பதில் எழுதும்போது எதிராளி சொன்ன வாக்கியத்தைக் கண் முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் மறுக்க முடியும். அவர் சொல்லாததுக்குப் பதில் சொல்றது கஷ்டம். மேலே ரெண்டு வரி எழுதி அனுப்பும்போது அந்தக் கட்டாயம் இல்லை. நான் பார்த்த வேலைகளில் முப்பது நாப்பது பதில் தொங்குற மெயில்களைப் படிச்சிருக்கேன். முடிவு என்னன்னு கண்டுபிடிக்க ஒருத்தர் ஒரு மீட்டிங் போடுவார்.

பழைய முறை இன்னும் உயிரோட இருக்கிற இடம் லினக்ஸ் கெர்னல். அங்கே பேட்ச் மெயிலாத்தான் போகுது, வெறும் எழுத்தா. விமர்சனம் பேட்ச்சின் வரிகளுக்கு நடுவிலேயே எழுதப்படுது. ஜிமெயிலின் இணையப் பக்கம் டேப்களை ஸ்பேஸாக மாத்திடும், அதனால பேட்ச் அனுப்ப அது ஆகாதுன்னு கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்காங்க. கிட் 2005-ல அந்தச் சூழலில்தான் பிறந்தது. கமிட் செய்தியில் முதல் வரி சுருக்கமா, அப்புறம் ஒரு காலி வரி, அப்புறம் விளக்கம் என்கிறோமே, அந்தக் கமிட்டை மெயிலா மாத்தும்போது முதல் வரிதான் தலைப்பு ஹெடர் ஆகுது. விளக்கம் உள்ளடக்கம் ஆகுது.

2024 பிப்ரவரி 22-ல இருந்து கூகுள் குரூப்ஸ் வழியா யூஸ்நெட்டில் புதுப் பதிவு போட முடியாது. பழைய பதிவுகள் தேடலில் இருக்கு. யூஸ்நெட் சர்வர்களும் இருக்கு. கதவுகளில் ஒண்ணு மூடியிருக்கு, அவ்வளவுதான்.

எல்லாரும் ஈமாக்ஸுக்கு மாறுங்கன்னு சொல்ல இந்த எபிசோட் போடலை. என் நண்பர்கள்ல பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க. நான் சொல்ல வர்றது, எழுதுற இடத்தை யார் வடிவமைக்கிறாங்களோ அவங்க நம்ம பேச்சையும் கொஞ்சம் வடிவமைக்கிறாங்க. இன்னைக்கு நம்மில் பலர் அந்த வேலையில்தான் இருக்கோம். சாட் பெட்டி, கருத்துப் பெட்டி, ரிவ்யூ பெட்டின்னு ஏதோ ஒண்ணை உருவாக்குறோம். அனுப்புறதை எவ்வளவு வேகமாக்கலாம்னுதான் அளக்கிறோம். புதுசா எதுவும் எழுதலையே, அனுப்பட்டுமான்னு கேட்கிற ஒரு பெட்டியை நம்ம புராடக்ட் மீட்டிங்கில் யாராவது முன்மொழிஞ்சா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கேள்வி கேட்டா பயனர் ஓடிடுவார்னு சொல்லி அஞ்சு நிமிஷத்தில் தள்ளிடுவாங்க. அந்தக் கேள்வியை எழுதினவர் பயனரை மட்டும் யோசிக்கலை, மறுமுனையில் படிக்கப்போறவரையும் யோசிச்சார்.

அடுத்த எபிசோட்ல ரெஃபரன்சஸ் ஹெடரை எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஒரு உரையாடலை மரமா அடுக்குறதுக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதுமானதா இருந்தது என்பது தனிக் கதை. உங்களில் யாராவது பைன் காலத்தில் கல்லூரி லேபில் மெயில் எழுதினவங்க இருந்தா, அந்த அனுபவத்தை எழுதி அனுப்புங்க. வரி அகலம் உங்க இஷ்டம்.